கிடை போட்ட வயலின் மூச்சு

பூதலிங்கம் ஒரு காலத்தில் அரிசி மில் முதலாளி ஒருவரிடம் நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். அதை அடைத்து முடிப்பதற்குள் மண்டையில் பாதி முடி போய்விட்டது. அத்தனை வருஷமும் முதலாளி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏலே கடங்காரா" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்து. கடைசித் தவணையைக் கட்டிவிட்டு மில் படியை விட்டு இறங்கிய அன்றைக்கே பூதலிங்கம் தீர்மானித்துவிட்டார், இனிச் செத்தாலும் எவனுக்கும் பாக்கி வைப்பதில்லை என்று.

அந்தத் தீர்மானத்தை அவர் காப்பாற்றிய விதத்தைச் சொல்ல வேண்டும். நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர் அவர். மற்றவன் ஒன்று தூக்கினால் இவர் இரண்டு தூக்குவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவர். அப்பன் விட்டுப்போன சொத்து என்று அவருக்கு இருந்தது இரண்டு தோள்கள்தான். அந்தத் தோள்களை வைத்தே சீவலப்பேரியில் ஆற்றுப் பாசனத்தில் துண்டு துண்டாக வயல் வாங்கினார். உரக்கடையில் ரொக்கம், உழவு டிராக்டருக்கு ரொக்கம், நாற்று நடுகிற பெண்களுக்கு அன்றன்றைக்குக் கூலி. "பூதலிங்கம் கை வாங்கின கை இல்ல வே, குடுத்த கை" என்று டீக்கடையில் அவரே சொல்லுவார். வேறு யாரும் சொல்வதற்கு அவர் இடம் வைப்பதில்லை.

அப்படிப்பட்ட மனுஷனின் வயலைத் தேடித்தான் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வந்தார்கள். வயல் நடுவில் இரண்டாள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரம் நட்டார்கள். அதன் உச்சியில் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் புரளுகிறது என்று அளக்க ஒரு கருவி. பக்கத்திலேயே, அந்தக் காற்றில் எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு நீராவி, எவ்வளவு மீத்தேன் என்று பார்க்க மற்றவை. ராப்பகலாக அது ஓடும். பாளையங்கோட்டைப் பெண் ரீபாதான் அதற்குப் பொறுப்பு. படித்த பிள்ளை என்றாலும் விளங்குகிற மாதிரி சொன்னாள்.

"அண்ணாச்சி, பயிரு பகல்ல கரியமில வாயுவ உள்ள இழுக்கும், ராத்திரி வெளிய விடும். தண்ணியையும் ஆவியா விட்டுக்கிட்டே இருக்கும். வயலு எவ்வளவு வாங்குது, எவ்வளவு குடுக்குதுன்னு இது கணக்கு எடுக்கும்."

"என் வயலுக்கு வரவு செலவு பாக்குதீங்கன்னு சொல்லு."

"அதேதான்."

இடத்துக்கு வாடகை, வருஷத்துக்கு இரண்டு தடவை. பேசி முடிக்கும்போது நிலையத்தின் நிர்வாக அதிகாரி தேவதாசன் ஒரு கேள்வி கேட்டார்.

"வயலுல ஆடு மாடு மேயுமா அண்ணாச்சி?"

பூதலிங்கம் மீசையைத் தடவினார். "என் வயலுலயா? ஒரு ஆடு வாய் வைக்கட்டும், பாப்போம்!"

அது உண்மை. பூதலிங்கம் வயலில் எந்த ஆடும் வாய் வைத்ததில்லை. ஆனால் அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கிற சித்திரையில் வருஷந்தோறும் அவர் கிடை போடுவார். பகல் முழுக்கக் காட்டுப்பக்கம் மேய்ந்து வருகிற செம்மறிகளை ராத்திரி வயலில் வளைத்துப் படுக்க வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும், அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த சாகுபடிக்கு, அதுதான் உரம். சீவலப்பேரியில் எவனைக் கேட்டாலும் கிடை உரக் கணக்கில்தான் வரும். அதை ஆடு மேய்கிற கணக்கில் எவனும் சேர்க்க மாட்டான். பூதலிங்கமும் சேர்க்கவில்லை.

கோபுரம் நட்ட பிறகு வந்த முதல் சித்திரையில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து, செம்மறி மேய்க்கிற கீதாரி சுடலைமுத்து மந்தையை ஓட்டி வந்தார். ஒவ்வொரு ராத்திரியும் கிடையை இடம் மாற்றி மாற்றிப் போட்டுக் கோபுரத்துக்கு மேற்கே உள்ள வயலுக்கும் வந்து சேர்ந்தார். மேல்காற்று வீசிக்கொண்டிருந்த நேரம். கிடைக்கூலியைக் கோபுர வாடகை வந்ததும் தருவதாகப் பேச்சு. பூதலிங்கம் சொன்னால் சொன்னதுதான் என்று கீதாரி அடுத்த ஊருக்கு மந்தையை ஓட்டிவிட்டார்.

வாடகை வரவில்லை. வைகாசி பாதி கழிந்தும் வரவில்லை. பூதலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டை அலுவலகத்துக்கே போய்விட்டார்.

தேவதாசன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உம்ம பணத்த நிறுத்தி வச்சிருக்கு. ஆடு மேயாதுன்னு சொன்னீரா இல்லையா?"

"மேயாதுதான் வே! எந்த ஆடு மேஞ்சுது? படுத்துல்லா கெடந்துது!"

"படுத்தாலும் மூச்சு விடும்லா? அம்புட்டும் கணக்குல ஏறிட்டு."

"பெறவு மூச்சு விடாத ஆட்டுக்கு நான் எங்க போவேன்? நீரு விடாம இருக்கீரா?"

ஓரத்தில் நின்ற ரீபா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள்தான் எடுத்துச் சொன்னாள். "அண்ணாச்சி, காத்து ஆடுகள் மேல பட்டு நேரா கோபுரத்துக்கு வந்திட்டு. வயலே பல மடங்கு மூச்சு விட்ட மாதிரி காட்டுது. அசை போடுத ஆடு மீத்தேனும் விடும். காஞ்ச வயலுல மீத்தேன் எப்படி வந்துதுன்னு நாங்க மண்ணத் தோண்டிச் சோதனைக்கு அனுப்பிட்டோம்."

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டா என்ன? மண்ணுகிட்டப் போயி கேட்டிருக்கீங்க!"

"அந்த ராத்திரிகளத் தனியா ஒதுக்கி வச்சிரலாம் சார்" என்றாள் ரீபா.

தேவதாசன் ஃபைலை மூடினார். "சோதனைச் செலவ யாரு குடுப்பா? பொய் சொன்ன ஆளுக்குப் பணம் கெடையாது."

பொய். மூட்டை தூக்கிய காலத்தில் ஒரு பிடி அரிசி குறைந்தது என்று அவரை எவனும் சொன்னதில்லை. மேஜையைக் குத்திய குத்தில் பேனாக்கள் உருண்டன. "எவன் வே பொய் சொன்னது? கெடைன்னா என்னன்னு தெரியாத பய வயலுக்குக் கணக்கு எழுத வந்துட்டான்!" காவலாளி வந்து கையைப் பிடிக்க, அதை உதறிவிட்டு வெளியே வந்தார்.

ஆனி பிறந்ததும் கீதாரி வந்தார். அதுவும் டீக்கடைக்கே வந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பாக்கி… மந்தைக்கு மருந்து வாங்கணும். கையில இருந்தாக் குடுங்க. இல்லேன்னா பைய வாரேன்."

கடுமையாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தத் தணிவுதான் சுட்டது. பூதலிங்கத்தின் கையிருப்பெல்லாம் நாற்றங்காலிலும் உழவிலும் போய்க் கிடந்தது. நாலு பேர் தலையைக் குனிந்து டீயைக் குடித்தார்கள். எவனும் கடங்காரன் என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது.

வீட்டில் பிரம்மநாயகி வளையலைக் கழற்றினாள். "வச்சு வாங்கிக் குடுங்களேன்."

"போடுட்டி கையில! வளையல அடகு வச்சா அதுக்குப் பேரு கடன் இல்லையா? எவன் தரணுமோ அவன்கிட்டதான் வாங்குவேன்!"

மறுநாள் களக்காட்டிலிருந்து ஒரு டெம்போ நிறைய வாழைக்கன்று வந்தது, வியாபாரி தெரிந்தவர் என்பதால் நட்டால் காசு, நடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் பேச்சில். கோபுரத்தைச் சுற்றிக் கொட்டச் சொல்லிவிட்டு ரீபாவுக்குப் போன் போட்டார்.

"எம்மா, இந்தத் தடவை கார் நெல்லு கெடையாது. வாழை. வாடகை வராத வருஷம் என் வயலு, என் இஷ்டம். அது ஒங்க கோபுரத்துக்கு மேல வளரும். ஒங்க கருவி இலைக்குள்ள நின்னு வாழைக்குலைய எண்ணட்டும்."

"ஐயோ அண்ணாச்சி, ரெண்டு பூ நெல்லுக் கணக்கும் அந்தரத்துல நின்னுரும்!"

"எனக்கும் ஒருத்தன் பாக்கி அந்தரத்துல நிக்கி. ஒங்க சாருகிட்டச் சொல்லு. ரொக்கமா, வயலுக்கு, அவரே கொண்டாரணும்."

அடுத்த நாள் காலையில் ஜீப் வந்தது. பூதலிங்கம் கீதாரியையும் வரச் சொல்லி வரப்பில் நிறுத்தியிருந்தார். தேவதாசன் காலணியில் சேறு படாமல் இறங்கப் பார்த்து, முடியாமல், இறங்கினார்.

"பேங்குல போட்டாப் போதாதா? இதுக்கு மேலிடத்துல தனியா அனுமதி வாங்க வச்சிட்டீரு."

"பொய்யின்னு வாயாலதான சொன்னீரு? பேங்குல போட்டா சொன்னீரு?"

தேவதாசன் வாழைக்கன்றுக் குவியலையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கிடையப் பத்தி எங்க கேள்வியில இல்ல. கேட்டிருக்கணும். போதுமா?"

"போதாது."

"…பொய்யின்னு சொன்னது தப்பு."

"அப்பிடி வாரும்."

ஜீப்பில் கூடவே வந்திருந்த ரீபா இடையில் புகுந்தாள். "அண்ணாச்சி, அடுத்த கிடைக்கு முன்னாடி மட்டும் ஒரு போன் போடுங்க. அந்த ராத்திரிகளத் தனியா எடுத்துக்கிடுவோம்."

"ஒனக்காகப் போடுதேன். ஆனா ஆட்ட மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கச் சொல்ல மாட்டேன், அத இப்பமே எழுதிக்கிடு."

தேவதாசன் நீட்டிய பண உறையை வாங்கிக்கொண்டு பூதலிங்கம் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கோபம் இன்னும் மூக்கில் நின்றது.

"ஏலே சுடலைமுத்து, என்ன பாத்துக்கிட்டு நிக்க? கைய நீட்டு!"

கீதாரி துண்டில் துடைத்துக் கையை விரித்தார். பூதலிங்கம் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பின்னால் நிற்கிற தேவதாசனுக்கும் காதில் விழும்படி சத்தமாக, ஒவ்வொரு தாளாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார்.