ஒரு வாரப் பயிற்சியை ஒரே நாளில் முடித்த மாரியப்பன்

இரண்டாயிரங்களின் நடுவில் ஓசூரில் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்த்தேன். "கையைத் தூக்குங்க" என்பதைத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சொல்லக் கற்றுக்கொண்டதும், இனி எந்த நோயாளியையும் சமாளித்துவிடலாம் என்று எனக்குத் தலைக்கனம் வந்தது. அதை இறக்கியவர் மாரியப்பன். அவர் பேசியது தமிழ்தான்.

கோவில்பட்டிக்காரர். ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில், தலைக்கு மேல் ஓடும் கன்வேயரில் பாகங்களை மாட்டும் வேலை. ஜூஜுவாடி அருகே பைக்கிலிருந்து விழுந்ததில் தோளில் அடி. எலும்பு முறியவில்லை. ஆனால் வலிக்குப் பயந்து இரண்டு மாதம் கையை அசைக்காமலே வைத்திருந்தார். அசைக்காத மூட்டு இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் அசைக்க மாட்டோம். இன்னும் ஒன்றரை மாதத்தில் கம்பெனி டாக்டரின் சோதனை. கை தலைக்கு மேல் போகாவிட்டால் வேலை போய்விடும்.

"கரண்டு வச்சு விடுங்கம்மா, சரியாயிரும்" என்றார்.

"கரண்ட் வலியைத்தாண்ணா குறைக்கும். கையை நீங்கதான் தூக்கணும்."

சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியைக் காட்டினேன். வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையே வந்து நின்றார். தோள் வீங்கியிருந்தது. சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட்டாராம்.

"என்னாண்ணா பண்ணீங்க?"

"நீங்க சொன்னதுதாம்மா. ஒரு வாரத்துக்கு இருநூத்திப் பத்து. நேத்து லீவுல்ல, மொத்தத்தையும் ஓட்டிட்டேன். பண்டிகை வந்தா எங்க லைன்ல முன்னாடியே ஓட்டி ஸ்டாக் வச்சிருவோம்லா? இனி சனிக்கிழமை வரைக்கும் ரெஸ்ட்டு."

பக்கத்துக் கட்டிலில், கழுத்தை பெல்ட் மாட்டி இழுத்துவிடும் டிராக்‌ஷனில் கிடந்தவர் சிரித்த சிரிப்பில் பெல்ட்டே குலுங்கியது. அவர் தலையாட்டியதை நம்பி அனுப்பியவள் நான். இந்த மனுஷனுக்கு வேலை போனால் பாதித் தப்பு என்னுடையது. ஐஸ் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணா, பத்து கோட்டு பெயிண்ட்டையும் சேத்து ஒரே கோட்டா அடிப்பீங்களா?"

பதறிவிட்டார். "வழிஞ்சிரும்மா! ஒண்ணு அடிச்சு, காய விட்டுத்தான் அடுத்தது."

"தோளும் அப்படித்தான்."

வீங்கிய தோளைத் தொட்டுப் பார்த்தார். "காயுறதுக்கு எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

வீக்கம் வற்ற நான்கு நாள் வீணாயிற்று. அதன்பின் மனிதர் நேரம் தவறவில்லை. கை எட்டிய உயரத்தில் வாடகை வீட்டுச் சுவரில் தினமும் பென்சில் கோடு போட்டார். கோடு ஏற ஏற வீட்டு ஓனரின் கோபமும் ஏறியது. ஆறாவது வாரம் கை தலையைத் தாண்டியது.

சோதனை முடிந்து நேராக கிளினிக்குக்கு வந்தார்.

"டாக்டர் தூக்கச் சொன்னாரு, தூக்கிட்டேன். இன்னொரு தடவன்னாரு. முடியாதுன்னுட்டேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. "ஏண்ணா!"

"காலைலயே பத்து முடிச்சாச்சு. நாலு மணி நேரம் காய வேண்டாமா?"

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சிட்டு, ஃபிட்டுன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். அன்றிலிருந்து, வீட்டில் போய் என்ன செய்வீர்கள் என்று நோயாளி வாயால் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். எதிர்த்துக் கேள்வி கேட்கிற நோயாளியைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாரே, அவரை உட்கார வைத்து இன்னொரு தடவை கேளுங்கள்.