பயணத்துக்கு முன் பக்கத்து வீடு

நேற்றுக் காலை எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா மகன் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். மேலே கஃபாவின் படம். கீழே, ‘ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறேன். அறிந்தோ அறியாமலோ யார் மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.’ நான் மூக்குக் கண்ணாடியைத் தேடிப்பிடித்துப் படித்து முடிப்பதற்குள் பதில் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. நானும் ஒரு பொம்மையை அனுப்பிவிட்டுத் தோசை வார்க்கப் போனேன். கல் காய்வதற்குள், அத்தாவும் அம்மாவும் ஹஜ்ஜுக்குப் போன வருஷம் நினைவுக்கு வந்துவிட்டது. தோசை என்னவாயிற்று என்று கேட்காதீர்கள்.

அப்போது நாங்கள் மல்லசமுத்திரத்தில் இருந்தோம். அத்தாவுக்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. நான் ஆசிரியை வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பிய வயது. கலிமாவும் தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் வீட்டிலிருந்தபடியே கூடிவந்த கடமைகள். ஐந்தாவதான ஹஜ்ஜுக்கு மட்டும் வசதியும் உடல்நலமும் சேர்ந்து வாய்க்க வேண்டியிருந்தது. வாய்த்ததும் அத்தா செய்த முதல் காரியம், ஹஜ் உடையான இஹ்ராமுக்கென்று தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நடந்து பார்த்தது. ஊருக்கெல்லாம் வேட்டி விற்றவர், அன்று தன் இடுப்பில் ஒரு துணியை நிறுத்தப் பட்ட பாட்டை அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

இரண்டாவது காரியம், மன்னிப்புக் கேட்பது. அல்லாஹ்வுக்கு நாம் வைத்த குறையை அவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதரே மன்னிக்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. எனவே அத்தா சைக்கிளில் ஊரைச் சுற்றினார். காய்கறிக் கடைக்காரரிடம், “பேரம் பேசி உங்களை நோகடிச்சிருந்தா பொறுத்துக்குங்க” என்றாராம். “நீங்க இப்படிக் கேட்டா, எடையப் பத்தி நானும் கேக்கோணுமேங்க பாய்” என்று அவர் தலையைச் சொறிந்தாராம். இருவரும் பரஸ்பரம் மன்னித்துக்கொண்டு, கத்தரிக்காய் ஒரு பை நிறைய வீட்டுக்கு வந்தது.

அம்மாவுக்குப் போக வேண்டிய வீடு ஒன்றுதான். அது பக்கத்து வீடு.

முந்தைய பக்ரீதுக்கு வாங்கிக் கட்டியிருந்த குர்பானிக் கிடா, கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நல்லம்மா அக்காவின் வாசலிலிருந்த மல்லிகைப் பதியனை வேர்வரை மேய்ந்துவிட்டது. அக்கா வந்து சொன்னபோது, வேலை அவசரத்தில் அம்மா, “செடிதானேங்க, வேற வெச்சுக்கலாம்” என்றார். அத்துடன் பேச்சு நின்றது. பக்ரீது அன்று நாங்கள் கொண்டுபோன பாயசம் மூடி திறக்கப்படாமல் திரும்பி வந்தது. பாயசத்தைத் திருப்பி அனுப்பும் கோபம் சாதாரணக் கோபமல்ல.

பயணத்துக்கு முந்தின நாள் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

“வா சாமி” என்று அக்கா என்னை மட்டும் வரவேற்றார்.

“அக்கா, ஹஜ்ஜுக்குப் போறேனுங்க. அந்தச் செடி விஷயத்துல என்னைப் பொறுத்துக்கோணும்.”

“செடியத் தின்னது ஆடுங்க பாயம்மா. அதுமேல எனக்குக் கோவமே இல்லீங்க. ‘செடிதானே’ன்னு சொன்னது ஆடு இல்லீங்களே. எங்கம்மா செத்தப்ப ஜேடர்பாளையத்து ஊட்டுல இருந்து நான் எடுத்துட்டு வந்தது அது ஒண்ணுதானுங்க.”

அம்மாவுக்கு அது தெரியாது. செடி இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “பொறுத்துக்குங்க அக்கா” என்றார்.

“நாளைக்கு ரயிலுன்னு இன்னிக்கு வந்து கேக்கறீங்க. உங்களுக்கு ஆகோணும்னு கேக்கறீங்க, எனக்காகக் கேக்கலீங்க. போயிட்டு வாங்க. ரயிலு எதும் இல்லாத நாள்ல வந்து கேளுங்க, அப்பச் சொல்றேன்.”

அன்றிரவு அம்மா பெட்டி கட்டவில்லை. படித்த மகள் நான் எதற்கு இருக்கிறேன்? “நீங்க கேட்டுட்டீங்க. அவங்க மறுத்தா அது அவங்க பொறுப்பும்மா” என்று சட்டம் பேசினேன்.

“அது உன் புஸ்தகத்துல இருக்கும். அக்கா சொன்னது நெசம்டி” என்றார் அம்மா. விடியற்காலை பெட்டியை நான்தான் கட்டினேன்.

சேலம் ஜங்ஷனில் மாலையும் அணைப்புமாக உறவினர்கள் நெருக்கியடிக்க, அம்மா மட்டும் பயணச்சீட்டு இல்லாமல் வண்டியேறுகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

ஹஜ் முடித்துத் திரும்புகிறவரிடம் தங்களுக்காக இறைவனிடம் துஆச் செய்யச் சொல்லிக் கேட்க ஊரே வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. அங்கிருந்து கொண்டுவந்த புனித ஜம்ஜம் தண்ணீரையும் பேரீச்சம்பழத்தையும் என் கையில் திணித்துவிட்டு, அம்மா நேரே பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். நல்லம்மா அக்கா முறத்தை வைத்துக்கொண்டு கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, உங்கம்மா செடியப் போயி ‘செடிதானே’ன்னுட்டேன். தப்புங்க. இப்ப எனக்கு எந்த ரயிலும் இல்லீங்க.”

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. முறத்தை மட்டும் கொஞ்சம் அம்மா பக்கம் தள்ளினார். அம்மா உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார்.

“அங்க கூட்டமுங்களா?”

“சொல்லி முடியாதுங்க.”

“அத்தனை கூட்டத்துல என்னை நெனச்சீங்களாக்கும்?”

“அரஃபாத்து மைதானத்துல துஆக் கேட்டு நின்னு அழுததே உங்களை நெனச்சுத்தானுங்க.”

“உங்க அல்லா என்ன சொன்னாருங்க?”

“நீ ஏன் இவ்வளவு தூரம் வந்தே, பக்கத்து ஊட்டுல போயிக் கேளுன்னுட்டானுங்க.”

அக்கா சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த தொலியெல்லாம் பறந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவரு சொன்னா செரி. பொறுத்துக்கிட்டேனுங்க” என்றார். அம்மாவின் ஹஜ் முடிந்தது அரஃபாத்திலா, அந்த முறத்தின் முன்னாலா என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு. மார்க்கம் படித்த ஆலிம்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

எனக்கும் அந்தப் பயணம் வாய்த்தது. இப்போது நான் இருப்பது சூரமங்கலத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளம். புறப்படுவதற்கு வெகுநாள் முன்பாகவே எதிர்வீட்டு மணியை அழுத்தி, பொறுத்துக்கொள்ளும்படி கேட்டேன். நல்ல பெண், காதிலிருந்து செல்போனை எடுத்துவிட்டு அன்பாகத்தான் கேட்டாள்.

“பொறுத்துக்கிறதுக்கு என்னங்க ஆன்ட்டி இருக்கு? நாம பேசினதே இல்லீங்களே?”

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஒரு கதவு விடாமல் எல்லாத் தளங்களிலும் ஏறி இறங்கினேன். மனம் புண்படும் அளவுக்கு யாருக்கும் என்னைத் தெரிந்திருக்கவில்லை.