மைக்கில் கூப்பிட்ட குண்டு

“இந்த உடம்ப வச்சுக்கிட்டு ஓட்டப்பந்தயமா? கிரவுண்டு தாங்குமாடி?” என்று ஏழாம் வகுப்பில் தெரசா கேட்டபோது என் வாயில் பாதி கடித்த நெல்லிக்காய் இருந்தது, அந்தத் துவர்ப்பு இப்போதும் நாக்கில் வருகிறது. தெரசா என் சிநேகிதிதான். காட்டூரில் எங்கள் தெருக்காரி, கொக்குக் கால்களோடு வளர்ந்தவள், ஓட்டத்தில் அவளைப் பிடிக்க ஆளில்லை. எனக்கோ அப்பாவின் உடம்பு. வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிய அப்பாவின் அகன்ற தோளும் தடித்த கழுத்தும் அப்படியே எனக்கு வந்திருந்தன. பள்ளியில் “குண்டு” என்றால் நான்தான். நான் பெயர் கொடுக்காமலே திரும்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நின்றுவிட்டாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். விளையாட்டு விழாவோடு சரி, அதற்குப் பிறகு பள்ளிக்குப் போகப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். அம்மா சீருடையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

விழா அன்று வேப்பமரத்தடியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தபோது, மைக்கில் பி.டி. டீச்சரின் குரல் கேட்டது: “ஏழாம் கிளாஸ் குண்டு, சீக்கிரம் வாங்க.” டீச்சருமா அப்படிக் கூப்பிடுகிறார்? நேரில் கேட்டுவிடுவது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தேன். வாயைத் திறப்பதற்குள், போட்டிக்கு வந்தவள் என்று நினைத்து அவர் ஓர் இரும்புக் குண்டை என் கையில் வைத்து, “கோட்டைத் தாண்டாம போடும்மா” என்றார். குண்டு எறியும் போட்டிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. தேக்கிவைத்த கோபமெல்லாம் தோள் வழியே வெளியேற, எனக்கு முன்னால் போட்டவர்களின் சுண்ணாம்புக் குறிகளைத் தாண்டிப்போய் மண்ணில் குழி பறித்தது குண்டு. பிறகு தெரசாவும் ஆசைப்பட்டுத் தூக்கினாள். அது அவள் காலடியிலேயே விழுந்தது. “யம்மா, இத எப்புடி போட்ட சத்யா?” என்றாள். அவள் வாயில் என் பெயரைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

போட்டியில் கிடைத்த சான்றிதழை வீட்டில் நீட்டியபோது அப்பா அதைவிட என் தோளைத்தான் அதிக நேரம் பார்த்தார். “என் உடம்பு உனக்கு வந்துருச்சேன்னு மனசு கஷ்டமா இருந்துச்சும்மா” என்றார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன்.

கனத்த உடம்பு ஊன்றித் தள்ளும், நீண்ட கால் எட்டிப் போடும், சிறிய உடம்பு சட்டென்று திரும்பும் என்பதையெல்லாம் பின்னர் உடற்கல்வி படித்தபோது தெரிந்துகொண்டேன். படித்தது சரிதான். ஆனால் என்னோடு படித்த, குச்சி போலிருந்த உப்பிலியபுரத்துப் பெண்ணொருத்தி, கை வீச்சின் வேகத்தாலேயே என்னைவிட ஒரு சாண் தள்ளிக் குண்டு போட்டுக் காட்டினாள். அதிலிருந்து உடம்பைப் பார்த்து நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை.

அப்பா இப்போது மண்டிக்குப் போவதில்லை. அவர் தோளில் இருந்த காய்ப்பு மெல்லக் கரைந்துவிட்டது. நாங்கள் குண்டு போட்ட இடத்தில் ஒரு கட்டடம் நிற்கிறது. நான் மன்னார்புரம் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். போன வாரம் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க வந்த பருமனான சிறுமி ஒருத்தி, என் மேசைக்கு முன்னால் தயங்கி நின்றாள். ஒன்றும் கேட்காமல் அவள் பெயரை எழுதினேன். பேனாவை மூடுவதற்கு முன், ஆசிரியைகளுக்கான ஓட்டத்தில் என் பெயரையும் எழுதிவிட்டேன்.