கோட்டை மைதானத்தில் மாமா கேட்டது

எங்கள் அம்மாவின் ஊருக்கு வாசல் உண்டு. வீட்டுக்கு இருக்கிற மாதிரி ஊருக்கே ஒரு வாசல். சின்னமனூர் தாண்டி, எந்தப் பக்கமிருந்தும் யாரும் வரலாம் போகலாம் என்று திறந்து கிடக்கிற திராட்சைத் தோட்டத்து ஊரில் பிறந்த எனக்கு அது பெரிய அதிசயம். தரங்கம்பாடியைச் சுற்றி ஒரு காலத்தில் மதில் இருந்ததாம். வாசலுக்குள் நுழைந்தால் நேர்த்தெரு, தெரு முடிகிற இடத்தில் மைதானம், ஒரு பக்கம் கோட்டை, அதற்கப்பால் கடல். தலை பின்னும்போதெல்லாம் அம்மா இதையே சொல்வாள். கேட்டுக் கேட்டு அந்த ஊர் எனக்கு மனப்பாடம். ஆனால் எட்டு வயதாகியும் நான் அங்கே போனதில்லை.

காரணம் மாமா. அம்மா நர்ஸ் வேலைக்காக எங்கள் பக்கம் வந்தவள். வந்த இடத்தில் அப்பாவைப் பிடித்துப்போயிற்று. அவள் வீட்டார் லுத்தரன் சபை, நாங்கள் ஆர்.சி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே வேதம்தான். உள்ளே இருக்கிறவர்களைக் கேட்டால்தான் தெரியும் சங்கதி. மாதாவுக்கு நேர்ந்துகொள்வது, மொட்டை போடுவது எல்லாம் மாமாவுக்கு ஆகவே ஆகாது. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. இனி அவளை நானாகக் கூப்பிட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். கூப்பிடாமல் அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு.

எனக்கு டைஃபாய்டு வந்து பிழைத்த வருஷம் அது. வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக அத்தை நேர்ந்துகொண்டாள். வேன் பிடித்து, அப்பா வீட்டுச் சனம் முழுவதும் கிளம்பியது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். முதலில் தரங்கம்பாடி போய்விட்டு, அதன்பிறகு வேளாங்கண்ணி. முடியோடு என்னை ஒரு தடவை அவள் அண்ணன் கண்ணில் காட்டிவிட வேண்டும்.

வேனுக்குள் சித்தப்பா வைத்ததுதான் சட்டம். "அதெப்படி மதினி? நேர்ச்சைய முடிக்காம ஊரு சுத்தலாமா? மாதாவப் பாத்துட்டுத் திரும்பையில அங்கன போவம்" என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆக, அம்மாவின் ஊர் வாசலுக்குள் நான் நுழைந்தபோது என் தலையில் முடிக்குப் பதில் சந்தனம் இருந்தது. அதன்மேல், வேளாங்கண்ணிக் கடையில் வாங்கிய பையன்கள் போடும் கிரிக்கெட் தொப்பி, காதுவரை இறங்கிக் கிடந்தது. "யாரு சொன்னாலும் கழட்டக் கூடாது, என்ன?" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மைதானத்து ஓரத்தில் வேன் நின்றது. இரண்டு நாளாகக் கடலைப் பார்த்தும் ஆசை தீராத எங்கள் சனம் மறுபடியும் கடலுக்கு ஓடியது. வைகை அணையைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்திராதவர்கள், பாவம். அப்பா மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. அம்மா என்னை ஒரு கல் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை. ஊரிலிருந்து யாரையும் தொடவிடாமல் கொண்டுவந்த பன்னீர் திராட்சை. கடலையும் பார்க்கவில்லை, கோட்டையையும் பார்க்கவில்லை; தெருமுனையில் இருந்த பச்சைக் கதவு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாத்தான் உக்காந்திருக்கோம்" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

கதவு திறந்து ஒருவர் வந்தார். தோளில் துண்டு, அம்மாவுடையதைப் போலவே நீளமான மூக்கு. மாமாவேதான். அம்மா எழுந்துவிட்டாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து நின்ற மாமா அவளைப் பார்க்காமல் என்னிடம் குனிந்தார்.

"பாப்பா, உங்கம்மா சாப்பிட்டாளான்னு கேளு."

திரும்பிக் கேட்டேன். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்றாள் அம்மா. திரும்பிச் சொன்னேன்.

"ஏன் இப்படி எளைச்சுப்போயிட்டான்னு கேளு."

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு. மதினி சௌக்கியமா இருக்காகளான்னு கேளு."

"அண்ணி அண்ணின்னு சுத்திக்கிட்டு இருந்தவ இப்ப மதினிங்கிறாளே" என்றார் மாமா. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். இரண்டு பேருக்கும் காது மந்தம் போல என்று முடிவு செய்து, அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கத்திச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா திராட்சையை என் கையில் கொடுத்தாள். மாமா ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "இனிக்குதுன்னு சொல்லு" என்றார்.

அந்த நேரம் பார்த்து, வேர்வையில் கரைந்த சந்தனம் என் காதுக்குப் பின்னால் வழிந்தது. மாமா பார்த்துவிட்டார். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. அவர் தொப்பியைத் தானே எடுத்தார். மொட்டைத் தலையில் கடல் காற்று பட்டதே, அடடா, அந்தச் சுகம்! மாமா துண்டால் என் கழுத்தை மட்டும் துடைத்தார். தலையில் இருந்த சந்தனத்தைத் தொடவில்லை.

"காய்ச்சலா கெடந்தியாமே?" என்றார். யார் சொல்லி அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலையாட்டினேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "வீடு திறந்துதான் கெடக்குன்னு சொல்லு" என்றார்.

"கூப்பிட்டா வருவேன்னு சொல்லு."

"திறந்து கெடக்குற வீட்டுக்கு என்ன கூப்பாடுன்னு கேளு."

கேட்டேன். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். "மதினி, நேரமாச்சு! இப்பக் கெளம்புனாத்தான் ஊரு போய்ச் சேர முடியும்" என்று சித்தப்பாவின் சத்தம்.

எங்கள் வீட்டில் யாரிடமும் விடைபெறும்போது, வீட்டுக்கு வாங்க என்று சொல்லாமல் வர மாட்டோம். அந்தப் பழக்கத்தில், "மாமா, நீங்களும் எங்க ஊருக்கு வாங்க" என்றேன்.

மாமா முழங்காலிட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "இத உங்கம்மா சொல்லச் சொன்னாளா? இல்ல, நீயா சொல்றியா?"

அது நான் முதல் நற்கருணை வாங்குவதற்காகப் புதுநன்மை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம். பொய் சொன்னால் பாவம் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிமிர்ந்து நின்று, கணீரென்று சொன்னேன்: "நானாத்தான் சொல்றேன்."

அம்மா என் பக்கத்திலேயே நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. மாமா தொப்பியை என் தலையில் வைத்து அழுத்திவிட்டு, "சரிம்மா" என்று எழுந்து போனார். பச்சைக் கதவுக்குள் போய்விட்டார், ஆனால் கதவைச் சாத்தவில்லை.

வேனில் ஏறியதும், மாமா கேட்டபோதும் நான் பொய் சொல்லவில்லை என்று பெருமையடித்துக்கொண்டேன். "நல்ல புள்ள" என்றாள் அம்மா. கும்பகோணம் வரும்வரை சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். வேன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அத்தை எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னாள்.

நான் கல்லூரியில் படிக்கும்போது, மாமா தவறிப்போன அன்றைக்கு, அம்மா அந்த வீட்டுப் படியை மிதித்தாள். துக்க வீட்டுக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை. இப்போது வருஷந்தோறும் போகிறோம். மாமா மகன் வாசலுக்கு வந்து அழைத்துக்கொண்டு போகிறான், காப்பி கொடுக்கிறான். காப்பியைக் குடித்த கையோடு அம்மா எழுந்து மைதானத்துக்குப் போய், அதே கல் பெஞ்சில் அந்த வீட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். நானும் பக்கத்தில் உட்காருவேன். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை. எனக்குத்தான் அந்த நீள மூக்கும், முழங்காலிட்டு, 'அம்மாதான் சொல்லச் சொன்னாள்' என்று சொல்லிவிட மாட்டேனா என்று என் முகத்தையே பார்த்திருந்த கண்களும் நினைவுக்கு வந்துகொண்டிருக்கும்.

பதில் தெரியாமல்தான் மாமா கேட்கிறார் என்று அன்றைக்கு நினைத்துவிட்டேன்.