புதுப்பிக்காமல் விட்ட முகவரி

அந்தக் கடைத்தெருவில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கொழுந்தன் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே அது ஒட்டிக்கொண்டது. இருபது வயது மூத்த இரும்புக் கடைக்காரர்கூட, "அண்ணி, என் தராசு ரெடியா?" என்பார். "முதல்ல உங்க அண்ணன் யாருன்னு சொல்லுங்க, அப்புறம் நான் அண்ணியா இல்லையான்னு பாக்கலாம்" என்று முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுப்பாள். வாய் அப்படி.

அவள் கணவர் எடைத் தராசு பழுது பார்ப்பவர். காய்கறிக் கடை, நகைக் கடை, மருத்துவமனை என்று எங்கே தராசு மக்கர் செய்தாலும் அவர் மேஜைக்குத்தான் வரும். எடைக்கல்லை வைப்பார், எண்ணைப் பார்ப்பார், திருகுவார், மறுபடி வைப்பார். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிசயம். பேச்செல்லாம் அண்ணியின் பங்கு. கடைப் போனை அவளைத் தவிர யாரும் எடுத்ததில்லை. எடுக்க விட்டதும் இல்லை.

அவள் கல்யாணமாகி வந்தபோது கொழுந்தனுக்குப் பத்து வயது. தலை வாரி, சட்டை துவைத்து வளர்த்தது அவள்தான், அதில் பொய் சொல்ல முடியாது. வளர்ந்து அண்ணனிடமே தொழில் பழகினான். கடைக்கு வெப்சைட் போட்டதும் அவன்தான். அதன் முகவரிக்கு 'அண்ணன் தம்பி தராசு' என்று பெயர் வைத்தான். திறந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு இருபது கிலோ கல்லைத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிற படம் வரும்.

"நான் எங்கடா இதுல?" என்று அண்ணி கேட்டாள்.

"நீங்களும் ஏறினா தராசு தாங்காது அண்ணி."

அன்றைக்குச் சிரித்தாள். ஆனால் மறக்கவில்லை. எதையும் மறக்கிற பிறவி இல்லை அவள். படத்திலும் அவள் இல்லை, பெயரிலும் இல்லை. கடையைக் கட்டி மேய்ப்பது மட்டும் அவள். பழுது பார்த்துப் போகிற ஒவ்வொரு தராசின் அடியிலும் அந்த முகவரி போட்ட ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவதும் அவள்தான்.

பிரச்சினை ஒரு குழந்தைத் தராசில் வந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை எடை பார்க்கிற தராசு. கல்லை நடுவில் வைத்துப் பார்த்தால் போதாது, நாலு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கொழுந்தன் அவசரத்தில் நடுவில் மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டான். ஒரு மூலையில் எடை குறைவாகக் காட்டியது. குழந்தை இளைத்துக்கொண்டே போகிறது என்று ஒரு தாய் மூன்று நாள் அழுதிருக்கிறாள். நர்ஸ் கண்டுபிடித்துச் சொன்னபோது அண்ணன் அங்கேயே, எல்லோர் முன்னாலும், "உனக்கு வேலை தெரியலடா" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அது அன்றோடு ஆறியிருக்கும்.

அண்ணிதான் ஆறவிடவில்லை. கடைக்கு வந்ததும், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "கம்ப்யூட்டர்ல போட்டோ போடத் தெரியுது, நாலு மூலையில கல்லு வைக்கத் தெரியல. பேருல மட்டும் தம்பிக்குப் பாதி!" என்றாள்.

அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போனான். துணியை மடித்துப் பையில் வைத்தான், துறைமுக ஊருக்குப் போய்விட்டான். பழைய நம்பரும் இல்லாமல் போனது.

அவன் போன அடுத்த மாதமே அண்ணி, அச்சகத்துக்கு மேல் மாடியில் வெப்சைட் செய்து தருகிறவளிடம் போனாள். 'துல்லியத் தராசு' என்று புதுப் பெயர், புது முகவரி, புது மெயில்.

"அக்கா, பழைய முகவரி இருக்கிற டொமைனையும் விட்டுடாதீங்க" என்றாள் அவள். "வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிச்சிட்டே இருங்க. பழைய பேரைத் தட்டினாலும் புது சைட்டுல வந்து நிக்கிற மாதிரி நான் செஞ்சு தர்றேன். அந்தப் பேருல இருக்கிற மெயிலும் அப்படியே இருக்கும்."

"ஒரு கடைக்கு எத்தனை பேரு? எனக்கு ஒரு புருஷன் போதும், கடைக்கு ஒரு பேரு போதும்."

"ரெண்டு பேரும் ஒரே கடைக்குத்தான்க்கா வரும். விட்டீங்கன்னா வேற எவனாவது எடுத்துப்பான். ஊர்ல இருக்கிற தராசுக்கெல்லாம் நீங்கதானே ஸ்டிக்கர் ஒட்டினீங்க?"

"ஒட்டினவளுக்கு உரிக்கத் தெரியாதா?"

புதுப்பிக்கச் சொல்லி மூன்று முறை அண்ணி போனுக்குச் செய்தி வந்தது. மூன்று முறையும் விரலால் தள்ளிவிட்டாள். பழைய மெயிலை அதற்கு முன்பிருந்தே யாரும் திறப்பதில்லை. கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரோ மத்தியானம் சாப்பிட்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து போனில் எதையோ பார்ப்பார். பழைய முகவரியைத் தட்டி அந்தப் படத்தைத்தான் பார்க்கிறார் என்று அண்ணிக்குத் தெரியாது. ஒருநாள் போனை நீட்டினார். அந்த முகவரியில் இப்போது உடம்பு இளைக்கிற பவுடர் விளம்பரம்.

"நம்ம கடை எங்க?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. சரியாகும்" என்றாள்.

தினமும் தட்டிப் பார்த்தார். சரியாகவில்லை. அப்புறம் தட்டுவதை விட்டுவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை கடைப் போன் அடித்தது.

"அக்கா, நான் உங்க கொழுந்தன் சம்சாரம் பேசுறேன்."

அவனுக்குக் கல்யாணம் ஆனதே அண்ணிக்கு அப்போதுதான் தெரியும். "கல்யாணமா? ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னாரே. கடை மெயிலுக்கு எழுதினார். பதில் இல்ல. எனக்கு இது ஏழாவது மாசம். வந்துடட்டுமாண்ணேன்னு மறுபடியும் எழுதினார். அது திரும்பி வந்துடுச்சு. சைட்டைத் திறந்தா ஏதோ பவுடர் விக்கிறான். அன்னைக்கு இவர் சோறு தொடலக்கா. அண்ணன் பேரையே அழிச்சிட்டாருன்னு சொல்லிட்டு, கப்பல் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டார். ரெண்டு வருஷம். வியாழக்கிழமை காலையில கப்பல் கிளம்புது. மாமா ஒரு வார்த்தை பேசினா நின்னுடுவார். நான் கூப்பிட்டது அவருக்குத் தெரியாது."

"எழுதுறதுக்கு என்ன, போன் பண்ணக் கூடாதா?"

"போன் பண்ணா நீங்கதானேக்கா எடுப்பீங்க."

வாயில் அறைந்தது போலிருந்தது. போனை வைத்தாள்.

அப்போதே எழுந்து பத்தடி நடந்து கணவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் அங்கேதான் கல்லை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அவளோ அச்சகத்து மாடிப்படி ஏறினாள். பழைய பெயரை எப்படியாவது திரும்ப வாங்கிவிட்டால் போதும். கொழுந்தன் திறந்து பார்ப்பான், படம் இருக்கும், கோளாறுதான் என்று நம்புவான். கணவருக்கும் தெரிய வேண்டாம். அவள் போட்ட கணக்கு அது.

"பவுடர்காரனுக்கு எழுதிட்டேன்க்கா" என்றாள் வெப்சைட்காரி. "பதில் வந்தாத்தான் உண்டு."

செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை படியேறினாள். புதன்கிழமை காலையில் மறுபடி. "அக்கா, அவன் தரமாட்டான். ஊர்ல உங்க ஸ்டிக்கரைப் பாத்துத் தட்டுறவங்க எல்லாரும் அவனுக்குத்தானே வர்றாங்க?"

புதன்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணி சொன்னாள். மெயில், குழந்தை, கப்பல் எல்லாம். "பழைய பேரை நான்தாங்க விட்டேன். கோளாறு இல்ல. நான்தான்."

அவர் கையில் இருந்த கல்லை மெதுவாக மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள்; திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் போனை வாங்கித் தம்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"மத்தியானமே கப்பலுக்குள்ள போயிட்டார் மாமா. போன் அணைஞ்சு கிடக்கு."

சட்டையை மாட்டினார். பஸ்ஸில் பத்து மணி நேரம்.

"நானும் வரட்டுமா?"

"வேணாம்."

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். கப்பல் அவர் போவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. தம்பி வீட்டில் டீ கொடுத்தார்களாம். இரண்டே அறைதானாம், சுத்தமாக வைத்திருக்கிறாளாம், நல்ல பெண்ணாம். ஒரு வருஷத்துக்கான பேச்சை ஒரே மூச்சில் பேசினார். அண்ணிக்கு உயிர் வந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குடித்துவிட்டு டம்ளரை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"திங்கட்கிழமையே போன் வந்துச்சாமே."

தெருவில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் தலை குனிந்தாள்.

"ஆமா" என்றாள்.

ஏன் மூன்று நாள் என்று கேட்பார், கேட்டால் மாடிப்படி ஏறி இறங்கியதைச் சொல்லலாம் என்று நின்றாள். அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.