பேல் கட்டிய மெத்தை

எங்கள் வீட்டுப் புகை மிஷினின் சத்தம் மிக்ஸிக்குக் கொஞ்சம் கீழே, பழைய டேபிள் ஃபேனுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆஸ்பத்திரியில் அதை நெபுலைசர் என்பார்கள். மருந்தைப் புகையாக்கி, மூக்கையும் வாயையும் மூடுகிற ஒரு பிளாஸ்டிக் மூடி வழியாக உள்ளே அனுப்பும். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியது. அவளுக்கு வீசிங் வருகிற நாட்களில் அந்தச் சத்தம் நிற்கும்வரை நான் அங்கேயே நின்று ஏதாவது கோமாளித்தனம் செய்துகொண்டிருப்பேன். மூடிக்குள்ளிருந்து அவள் சிரித்துவிட்டால் மூச்சு இறங்கிவிட்டது என்று அர்த்தம். சிரிக்காவிட்டால் என் கால் நடுங்கும். நடுக்கத்தையும் நடனம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

போன வருஷம் கோயம்புத்தூரில் அவளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. தெருவுக்கே லட்டு கொடுத்தோம். ஹாஸ்டலுக்கு எதையெல்லாம் எடுத்துவைப்பது என்று உட்கார்ந்த முதல் நாளே நான் மிஷினை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தேன். அவள் அதை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

"இது வேண்டாம்ப்பா. ஸ்கூல்ல பத்து வருஷமா 'புஸ்ஸு'ன்னு கூப்பிட்டாங்க. அங்கயும் போன மொத நாளே இதைத் தூக்கி வச்சா என் பேரு யாருக்கும் தெரியாமலே போயிரும்."

"இழுத்துச்சுன்னா என்ன செய்வட்டி?"

"இன்ஹேலர் பையில இருக்கு. போதும்."

இன்ஹேலர் போதாத ஒரு நாளை நான் பார்த்திருக்கிறேன். பிளவக்கல் அணைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தம்பி முறைப் பையன்களோடு ஓடிப்பிடித்து விளையாடியவள் திடீரென்று உட்கார்ந்துவிட்டாள். இன்ஹேலரை அழுத்தி அழுத்திப் பார்த்தோம், தோள் ஏறி இறங்குவது நிற்கவில்லை. வத்திராயிருப்பு ஆஸ்பத்திரியில் மிஷினை வைக்கிறவரை, காரில் அவள் உதடு நீலமாவதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வழியில் கூமாப்பட்டி எந்தப் பக்கம் வந்தது, எந்தப் பக்கம் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை அவளிடம் மறுபடி சொல்லப் போனபோது மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்துவிட்டாள்.

"அமுக்காதீக. ரொம்ப அமுக்கினா இன்ஹேலரையும் வச்சிட்டுப் போயிருவா. உங்க மகதான அவ."

வாயைத்தான் அடைக்க முடிந்தது. பயம் வேறு வழியாக வெளியே வர ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மச்சினன் பாத்திரக்கடையும் பிளாஸ்டிக் சாமான் கடையும் சேர்த்து வைத்திருக்கிறான். எங்கள் ராஜபாளையத்தில் கடையே இல்லாததுபோல அங்கே பஸ் ஏறிப் போனேன். குளிக்க ஒரு வாளி, துவைக்க ஒரு வாளி, அந்த இரண்டில் ஒன்று உடைந்தால் வைத்துக்கொள்ள ஒரு வாளி. துணி காயப்போடக் கயிறு கேட்டேன். எத்தனை மீட்டர் என்றான். கோயம்புத்தூர்வரை எட்டுகிற மாதிரி கொடு என்று சொல்லத் தோன்றியது. வீடியோவில் யாரோ ஒரு பெண் ஹாஸ்டலுக்கு அவசியம் என்று சொன்னதையெல்லாம் வாங்கினேன். அவள் சொல்லாததை, அவளுக்கு அனுபவம் போதாது என்று நினைத்து வாங்கினேன். எலிப்பொறியைக் கையில் எடுத்தபோது மச்சினன் பிடுங்கி வைத்துவிட்டான்.

"மச்சான், பிள்ளை படிக்கப் போகுதா, அங்கன தனிக்குடித்தனம் போகுதா?"

"நீ பில்லைப் போடு மாப்ள. எலி வந்தா உன்னையவா கூப்பிட முடியும்?"

பேச்சில் குறைச்சல் இல்லை. பஸ்ஸில் மடியில் வாளியோடு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இவ்வளவு வாங்கியும் வாங்க வேண்டியது ஒன்றுதான், அது ஏற்கெனவே வீட்டு அலமாரியில் இருக்கிறது, அதைத்தான் அவள் எடுத்துப் போக மாட்டேன் என்கிறாள் என்று. அலமாரியிலிருந்து அதை எடுத்து ஒளித்துவைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். இறங்கியதும் நேரே மெடிக்கலுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

நான் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். கட்டுத் துணியை அமுக்கி, பிளாஸ்டிக் பட்டை சுற்றி, கிளிப் அடித்து, பேல் பேலாக லாரி ஏற்றுவது என் பிழைப்பு. கப்பலில் உருண்டாலும் நான் கட்டிய பேல் பிரியாது. மகளின் மெத்தையையும் தலையணையையும் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். பேல் அமுக்குகிற பிரஸ்ஸில் வைத்தால் உள்ளே ஒளிக்கிற புது மிஷின் அப்பளமாகிவிடும். அதனால் அதைப் பேண்டேஜ் துணியில் பத்துச் சுற்றுச் சுற்றி, மெத்தைக்கு நடுவில் வைத்துக் கையாலேயே உருட்டினேன். முழங்காலைப் போட்டு அமுக்கிப் பட்டை இழுத்தேன். பக்கத்தில் நின்ற லோடுமேன் கேட்டார்:

"எக்ஸ்போர்ட்டா சார், லோக்கலா?"

"எக்ஸ்போர்ட்தான்" என்றேன். கிளிப்பை இன்னும் இரண்டு சேர்த்து அடித்தேன்.

கிளம்பும் காலையில் அலமாரியை ஓரக்கண்ணால் பார்த்தேன். பழைய மிஷினின் அட்டைப்பெட்டி அதே இடத்தில் இருந்தது. பிடிவாதக்காரி, வைத்துவிட்டுத்தான் வருகிறாள். ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் நான் ஜெயித்துவிட்டேன் என்கிற நிம்மதி. பாதி வழி தாண்டுகிறவரை நிம்மதி இருந்தது. அதற்குப் பிறகு, மெத்தையைப் பிரித்ததும் தெரியத்தானே போகிறது, அப்போது என்ன சொல்வது என்று யோசித்து வியர்த்தேன். எல்லாவற்றையும் யோசித்தவன் அதை யோசிக்கவில்லை.

அன்று ஒரு நாள் மட்டும் அப்பாக்களை அறைவரை விட்டார்கள். மூன்று கட்டில். தேனியிலிருந்து ஒரு பெண் அவளுடைய அம்மாவோடு வந்திருந்தாள். நாமக்கல் பெண் ஒருத்தி தனியாகவே வந்து, பெட்டியை அடுக்கி முடித்திருந்தாள். எங்கள் பேலைக் கட்டிலில் தூக்கிப் போட்டோம். பட்டையை வெட்ட ஒன்றும் இல்லை. எதைக் கொண்டும் பிரிக்க முடியாதபடி கட்டுவதில் வல்லவனான நான், நகவெட்டியால் பிளாஸ்டிக் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள தங்கமாண்ணே வச்சிருக்கீக?" என்றார் தேனி அம்மா, பழம் நறுக்குகிற கத்தியை நீட்டியபடி.

கடைசிப் பட்டை அறுந்ததும் மெத்தை துள்ளி விரிந்தது. பேண்டேஜ் சுற்றிய உருண்டை கட்டிலில் உருண்டு, கீழே விழப்போனதை நாமக்கல் பெண் பிடித்தாள். மண்டை உடைந்தவனுக்குக் கட்டுப் போட்டது மாதிரி இருந்தது அது. மகள் வாங்கிச் சுற்றைப் பிரித்தாள். மிஷின். என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவளைச் சிரிக்கவைக்கிற எந்த முகமும் எனக்கு அப்போது வரவில்லை.

அவள் குனிந்து தன் பையைத் திறந்தாள். துண்டுக்கு அடியிலிருந்து பழைய மிஷினை எடுத்து மேசைமேல் வைத்தாள். காலையில் அலமாரியில் நான் பார்த்தது காலிப் பெட்டி.

"நீங்க எடுத்து வச்சா நான் நோயாளிப்பா. நானா எடுத்து வச்சா இது என் சாமான்" என்றாள் மெதுவாக. பிறகு அந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் கூப்பிட்டாள். "எனக்கு வீசிங் உண்டு. வார்டன் மேடம்கிட்ட போன்லயே சொல்லிட்டேன். இதுல மருந்து ஊத்தணும், இது மூடி, இது பட்டன். சத்தம் போடும், பயப்படாதீங்க. என்னால எந்திரிக்க முடியலன்னா நீங்க போட்டு விடணும்." இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முறை பட்டனை அழுத்திப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத அறையில் எங்கள் வீட்டுச் சத்தம் கேட்டது.

"அப்ப அந்தப் புதுசு?" என்று கேட்டாள் தேனிப் பெண்.

"அது எங்கப்பாவுக்கு. இன்னையிலிருந்து அவருக்குத்தான் மூச்சு வாங்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். ஊர் திரும்பும்வரை அந்த மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்த மார்கழியில் ஒரு மதியம், கம்பெனியில் லாரி நிற்கும்போது போன் வந்தது. தேனிப் பெண். "அங்கிள், மொதல்ல சொல்லிடுறேன், அவ நல்லா இருக்கா. காலைல ரொம்ப இழுத்துச்சு. நாங்க மிஷின் வச்சு, மேடம் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டயும் காமிச்சாச்சு. இப்ப தூங்குறா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா, எனக்குத்தான் மனசு கேக்கல." நான் ஒரு பேலின்மேல் உட்கார்ந்துவிட்டேன். உதடு என்ன நிறத்தில் இருந்தது, எவ்வளவு நேரம் ஆனது, மருந்து எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்க நிறைய இருந்தது. அந்தப் பிள்ளையின் குரல் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அவ தூங்கட்டும். நீ சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"இல்ல அங்கிள். இனிமேதான்."

"மொதல்ல போய்ச் சாப்பிடு. நான் லைன்லயே இருக்கேன்."