நாங்கள் முகாமுக்குப் போகவில்லை

காலை எட்டரை மணிக்கு எங்கள் தெருவுக்குள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. குமரிக்கடலில் புயல் நெருங்குகிறது, சிற்றாற்றங்கரையில் குடியிருப்பவர்கள் மதியத்துக்குள் முகாமுக்குப் போய்விட வேண்டும் என்று அறிவித்துக்கொண்டே ஊர்ந்து போனது. நான் அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"நம்மளையும் போவச் சொல்லுதாவளா?"

"ஆமாக்கா."

"நான் வரல."

அவ்வளவுதான். பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். ஐம்பத்தெட்டு வயதிலும் அவளுக்கு ரிப்பன் வேண்டும்.

அக்காவுக்கு மனநோய். இருபத்து மூன்று வயதில் தொடங்கியது. மாத்திரையால் சத்தங்கள் அடங்கியிருக்கின்றன, போய்விடவில்லை. நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் அக்கா என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை, ஆனால் திருத்தி அலுத்துவிட்டது. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில், ஆற்றிலிருந்து நூறடி தள்ளி ஒரு தளம் போட்ட வீட்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு கார்த்திகையில் ஆறு கரையேறியது. ஆனி, ஆடியில் மேற்கே மலையிலிருந்து விழும் சாரல் எங்களுக்கு விருந்தாளி மாதிரி. கிழக்கிலிருந்து வரும் மழைதான் எங்கள் வீட்டுக்குள் வருவது. அந்த வருடம் அறிவித்ததும் சொன்ன பேச்சைக் கேட்டு முதல் ஆளாக முகாமுக்குப் போனேன். ஒரு கல்யாண மண்டபம். முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். அக்காவுக்கு முந்நூறு பேர் என்றால் முந்நூறு பேரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அர்த்தம். சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தாள். தனக்குள் பேசினாள். குழந்தைகள் பயந்தன. ஒருவர் வந்து, "பிள்ளைக தூங்கணும், அந்தம்மாவ பொறத்தால கொண்டு போங்க" என்றார். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மறுநாள் அவள் அழ ஆரம்பித்தபோது, பந்தல் கட்டும் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு ஆள் வந்தார். கெட்ட எண்ணமில்லை அவருக்கு. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். "கொஞ்ச நேரம் தூணோட கெட்டிப் போட்டா அடங்கிருவாவ" என்றார்.

அந்தக் கயிற்றை நான் பிடுங்கி வெள்ளத்தில் எறிந்தேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு அவள் நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. இன்றுவரை வாசல் கேட்டைத் தாண்டியதும் இல்லை. டாக்டரிடம் நான் மட்டும் போய், அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்லி மாத்திரை வாங்கி வருகிறேன்.

ஆகவே இந்தத் தடவை நான் முந்தின நாளே தயாராகத் தொடங்கியிருந்தேன். பள்ளிக்கு விடுமுறை விட்டதும் அரிசி, பருப்பு, அடுப்பு, துணிமணி எல்லாவற்றையும் தட்டட்டியில் இருக்கும் தகர அறைக்கு ஏற்றினேன். தட்டட்டி என்று நாங்கள் மொட்டைமாடியைத்தான் சொல்லுவோம். அக்காவின் மாத்திரைகளைப் பதினைந்து நாளைக்கு எண்ணி, இரண்டு பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்து வைத்தேன். ஒரு டப்பா என் இடுப்பில், ஒன்று மேலே. காலையில் நாற்பது இட்லி அவித்து மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவித் தூக்குவாளியில் அடுக்கினேன்.

பத்து மணிக்குக் கிராம உதவியாளர் வந்தார். கூடவே ஒரு பெண் போலீஸ். உதவியாளரின் இரண்டு பிள்ளைகளுக்கும் நான் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவரால் அதட்டவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. அணையிலிருந்து தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்றார். அருவியில் குளிக்க வந்த ஐயப்ப சாமிகளையே நேற்று விரட்டிவிட்டாச்சு என்றார். உள்ளூர்க்காரி நீங்களே இப்படி இருந்தால் எப்படி என்றார். நான் போன தடவை நடந்ததைச் சொன்னேன்.

பெண் போலீஸ்தான், "நாங்க தூக்கிட்டுப் போவ முடியும் டீச்சர்" என்றாள்.

"தூக்கலாம். மொதல்ல எங்க அக்காட்ட ஒரு வார்த்த கேளுங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் போலீஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், "வாறியளாம்மா?" என்று கேட்டாள். நல்ல பெண்.

"அங்கன எல்லாரும் என்னையே பாப்பாவ" என்றாள் அக்கா. "ஒங்களுக்கு வேணும்னா இவளக் கூட்டிட்டுப் போங்க."

சொந்தப் பொறுப்பில் இருக்கிறேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். பரீட்சைத் தாள் ஒன்றில் எழுதி, இரண்டு பேர் பெயரையும் போட்டேன். அக்காவும் கையெழுத்துப் போட்டாள். அழகாக, பட்டப்படிப்புக் காலத்து எழுத்தில்.

அவர்கள் போனதும் தம்பி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். செய்தி பார்த்திருக்கிறான். அக்காவை அப்பவே ஒரு இல்லத்தில் சேர்த்திருக்கலாம், நான் சொன்னதை யார் கேட்டது என்று தொடங்கினான். அவன் பேசப் பேச நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். குளிர்பெட்டியின் கதவைத் துணியால் கட்டினேன். கடைசியில் அவன், "ஒனக்கு வீம்பு. அதுக்கு அவளையும் சேத்துக் கொல்லப் போற" என்றான். போனை வைத்துவிட்டேன்.

எதிர் வீட்டு அண்ணாச்சி ஓய்வுபெற்ற ஏட்டு. மாடி வீடு. தன் மாடிக்கு வரச் சொன்னார், அக்கா மாட்டாள் என்றேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே எட்டடிச் சந்து. அக்காவுக்கு அந்த எட்டடி கன்னியாகுமரி தூரம். அண்ணாச்சி திட்டினார். படித்தவளுக்கு அறிவு இருக்க வேண்டாமா என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டினார். பத்து நிமிடம் கழித்து காற்றடித்த லாரி டியூப் ஒன்றையும் நீளக் கயிற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். தகரக் கூரையைக் கயிற்றால் குறுக்கே கட்டிக் கைப்பிடிச் சுவரின் தூணில் இறுக்கினார். மணிக்கு ஒரு தடவை விசில் அடிப்பேன், பதிலுக்குத் தட்டில் தட்டணும், சத்தம் வரவில்லையென்றால் நான் நீந்தி வந்துவிடுவேன் என்றார். அவருக்கு அறுபத்தாறு வயது.

பன்னிரண்டு மணிக்குமேல் காற்று திசை மாறியது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எங்களுக்குப் பழக்கம். இது வேறு. தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து அப்படியே நின்றன. இரண்டு மணிக்கு ஆற்றுத் தண்ணீர் வாசல்படியைத் தாண்டியது. அது நுழைந்த விதத்தில் ஆரவாரமே இல்லை. அடுக்களைத் தரையில் ஒரு பழுப்பு நாக்கு நீண்டது. பிறகு அலமாரிக்குக் கீழே, பிறகு கட்டிலின் கால்களில். நான் அக்காவை மேலே தகர அறைக்குக் கூட்டிப்போனேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கூரையின் ஒரு தகடு ஆணியோடு பிய்ந்து படபடவென்று அடிக்கத் தொடங்கியது. கயிறு மற்றதைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தகட்டை இழுத்துப் பிடிக்கப் போனபோது உள்ளங்கை கிழிந்தது.

மேலே தகரம் பறக்கிறது, கீழே தண்ணீர் ஏறுகிறது. நடுவில் இருப்பது படிக்கட்டு மட்டும்தான். அதற்கு மேலே இருக்கும் கூரை காங்கிரீட். படிக்கட்டு திரும்பும் இடத்தில், நான்கடிக்கு நான்கடி இடத்தில், டியூபை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்தோம். கீழே எட்டுப் படிகள். அதில் மூன்று ஏற்கெனவே தெரியவில்லை.

நான்காவது படி மறைந்தபோது பயந்தது நான். அதுவரை உதவியாளரிடமும் தம்பியிடமும் அண்ணாச்சியிடமும் நிமிர்ந்து பேசியவள் நான்தான். அப்போது அழுதுவிட்டேன். தம்பி சொன்னது காதுக்குள் நின்றது. நான் அக்காவைக் காப்பாற்ற இங்கே இருக்கிறேனா, அல்லது அந்த மண்டபத்து ஆட்களுக்கு முன்னால் தோற்கக்கூடாது என்று இருக்கிறேனா? எனக்கே தெரியவில்லை.

அக்கா தூக்குவாளியைத் திறந்து ஒரு இட்லியைப் பிட்டு என் வாயில் வைத்தாள்.

"ஏட்டி, அழாத. மழைதான பெய்யுது. மனுசனா வாறான்?"

அவள் குரலில் நடுக்கமே இல்லை. தெருவையே காற்று உலுக்கும் நேரத்தில் அவள் மட்டும் நிதானமாக இருந்தாள். வாழ்நாள் முழுக்க ஆபத்து வருகிறது, ஆபத்து வருகிறது என்று அவளுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உண்மையில் வந்தபோது அவளுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை போலும். என் கையை இழுத்து, தன் பின்னலிலிருந்து ரிப்பனை உருவிக் காயத்தைச் சுற்றிக் கட்டினாள். விசில் சத்தம் கேட்டபோது நான் எழுமுன் அவளே தட்டை எடுத்து ஐந்தாறு தடவை ஓங்கித் தட்டினாள். எதிர் மாடியிலிருந்து அண்ணாச்சி ஏதோ கத்தினார். காற்றில் வார்த்தை புரியவில்லை. அக்கா மறுபடியும் தட்டினாள். அவளுக்கு அது பிடித்துப்போனது.

ஐந்தாவது படியோடு தண்ணீர் நின்றது. ஐந்தரை மணிக்கு அந்தப் படியின் ஓரம் லேசாகத் தெரிந்தது. நான் பார்த்தது சரிதானா என்று சந்தேகப்பட்டு, கரியால் சுவரில் கோடு போட்டேன். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் அகலம் வந்தது. பிறகு இரண்டு விரல்.

மறுநாள் வெயில் அடித்தது. வீட்டுக்குள் முழங்கால் சேறு. குளிர்பெட்டி சமையல் மேடைமேல் குப்புறக் கிடந்தது. குளியலறைச் சுவர் ஒன்று போய்விட்டது. திருத்த வைத்திருந்த அரையாண்டுத் தாள்கள் கூழாகிவிட்டன. அண்ணாச்சி சந்துச் சேற்றில் நடந்து வந்து எங்களைப் பார்த்தார். திரும்பிப்போய் மண்வெட்டி கொண்டு வந்தார். கிராம உதவியாளரும் வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வது என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டிலேயே இருந்ததற்காக இல்லை, அவரைத் தூங்கவிடாததற்காக.

கையில் ஏழு தையல். தையல் பிரிப்பதற்குள் ஒரு திங்கட்கிழமை வந்தது. தென்காசியில் ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். நிவாரணம் கேட்டு ஆலங்குளத்திலிருந்தும் பண்பொழியிலிருந்தும் வந்தவர்களோடு வரிசையில் நின்றேன். என் மனுவில் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முகாமிலும் கதவு வைத்த ஒரு அறை. மனநோய் உள்ளவர்களுக்கும் அவர்களோடு வருபவர்களுக்கும். உள்ளிருந்து தாழ் போடும்படியான அறை.

மனுவை வாங்கிய அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க முகாமுக்கே போவலன்னு எழுதியிருக்கிய. உத்தரவ மீறிட்டு வந்து மனுவும் குடுக்கிய."

"ஆமா சார். மீறினவ குடுக்கிற மனுதான் இது. அறை இருந்தா மீற வேண்டாம்லா?"

அவர் சிரிக்கவில்லை. பரிசீலிக்கிறோம் என்று முத்திரை குத்தி ரசீது தந்தார். இரண்டு மாதம் கழித்து, தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு கடிதம் வந்தது. எந்தப் பிரிவு என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறேன். அதற்கும் பதில் வராவிட்டால் மறுபடியும் வரிசையில் நிற்பேன்.

நான் செய்ததை யாரும் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆறாவது, ஏழாவது படியும் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். அது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த கார்த்திகையில் ஆட்டோ வரும்போது அந்த அறை தயாராக இல்லையென்றால், அக்காவிடம் கேட்பேன். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான். தகரக் கூரையைப் பிரித்துப்போட்டு, மேலே காங்கிரீட் போட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.